கருவாட்டுப் பரணில் காய்ந்த மோர்மிளகாய்

போர்ட் பிளேரில் எங்களுக்குச் சைவச் சாப்பாடு போட்டுவந்த சிவகாமி அக்காவின் பிழைப்பை நான் கெடுத்தேன். பொய் சொல்லிக் கெடுக்கவில்லை, பாதி உண்மையைச் சொல்லிக் கெடுத்தேன். அதை அவரிடம் ஒப்புக்கொள்வதற்காக வடக்கு அந்தமானில் இருக்கும் திக்லிபூருக்குப் போன பயணம் இது. நடந்தது அறுபதுகளின் கடைசியில். எனக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது.

ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட நேரம். காலை ஏழு மணிக்குச் சாத்தம் ஜெட்டியில் கப்பல் ஏறினேன். டெக் டிக்கெட்தான். தார்ப்பாய்க்கு அடியில் வங்காளிக் குடியேறிகள் கோழிக்கூடைகளோடும் பாக்குக் கன்றுகளோடும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் தமிழர், திக்லிபூர் ரோடு வேலைக்குப் போகும் கொத்தனார்.

"சாப்பாட்டுக்குக் கவலையே வேணாம் சார். எங்க கேம்ப்ல ஒரு தமிழ் அம்மா இருக்கு. மச்லி குழம்பு வெச்சா பெங்காலிகூட ரெண்டு தட்டு கேப்பான்."

"நான் சைவம்."

"அப்ப மெயின்லேண்டுக்குத்தான் திரும்பணும். இங்க மச்லி வேணாம்னா கடல் தண்ணியக் குடிக்க வேண்டியதுதான்" என்று சிரித்தார்.

அந்த அம்மா பெயரைக் கேட்டேன். சிவகாமி என்றார். நான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அக்கா திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். கணவர் மரமில்லில் வேலை பார்த்து இறந்துபோனார். போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் அவர் வீட்டுக் கூடத்தில் அரசு ஊழியர்கள் பத்துப் பேர் சாப்பிட்டோம். மெயின்லேண்ட் கப்பல் தாமதமானால் ஊரில் வெங்காயம்கூட இருக்காது. அந்த நாட்களிலும் அக்கா பப்பாளிக் காயில் கூட்டு வைப்பார், தேங்காய்ப் பாலில் சொதி வைப்பார், முருங்கைக்கீரையை உதிரி உதிரியாக வதக்குவார். தீவில் பாதி வருஷம் மழை. எதுவும் காயாது. "மோர்சாதத்துக்கு ஒரு மோர்மிளகாய் இல்லையே" என்று குறைப்பட்டவன் நான்தான்.

பக்கத்து வீடு தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த மீன்பிடிக்கும் குடும்பம். அவர்கள் அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையில் கருவாடு காயவைப்பார்கள். அக்கா மிளகாயை வாழையிலை பரப்பிய முறத்தில் வைத்து அந்தப் பரணின் ஓரத்தில் காயவைத்தார். எடுத்து வரும்போது எதிரே நான் வந்தேன். "கொஞ்சம் வாசம் புடிச்சிருக்கும். எண்ணெயில போட்டா போயிரும். உங்களுக்காகத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். ஆக, எனக்கு எல்லாம் தெரியும்.

அந்த வாரம் என் மேலதிகாரியை முதல்முறையாக அங்கே சாப்பிட அழைத்துப் போயிருந்தேன். மிளகாயைக் கடித்தவர் முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, கருவாட்டு நாத்தம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அழைத்து வந்தவன் நான். "இந்தம்மா மீன்காரங்க வீட்டுலேர்ந்து முறத்தோட வர்றத நானே பாத்தேன் சார்" என்றேன். முறத்தில் இருந்தது என்ன என்று சொல்லவில்லை. ஒவ்வொருவராக இலையை விட்டு எழுந்தார்கள். அக்கா கரண்டியோடு நின்று, மிச்சத்தையும் நான் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தார். நான் கைகழுவப் போனேன். அதோடு அந்த வீட்டுக்குச் சாப்பிட யாரும் வரவில்லை. கொஞ்ச நாளில் அக்கா திக்லிபூரில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

ரங்கத், மாயாபந்தர் என்று நின்று நின்று, கப்பல் மறுநாள் பிற்பகல் ஏரியல் பே ஜெட்டியை அடைந்தது. அங்கிருந்து திக்லிபூர் ஆறு மைல் இருக்கும். கொத்தனாரோடு லாரியின் பின்னால் நின்றபடி போனேன். இருபுறமும் நாற்று நட்ட வயல்கள். சேடில் பீக் மலை மேகத்துக்குள் மறைந்திருந்தது.

கேம்ப் கொட்டகையின் பின்புறம் அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். முந்தானையால் மூக்கைக் கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் கட்டை அவிழ்த்தார்.

"வாங்க. எப்ப வந்திய?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நீங்க சொன்னது இப்பத்தான் நெசமாச்சு, பாத்துக்கிடுங்க. தம்பிக்கும் நாலு புள்ளைக. எத்தன நாள் ஒக்காந்து தின்ன முடியும்? இத ஆக்குறேன், ஒரு வாய் தின்னதில்ல. குளிச்சுட்டு எனக்குன்னு ஒரு ரசம் வைக்கேன்."

"நான் என்ன செய்யட்டும் அக்கா?"

"எங்கிட்டச் சொன்னத அங்க போயிச் சொல்லுங்க. அத்தன பேரு முன்னால. நாலு பேரு சாப்பிட வாரேன்னாப் போதும், நான் பொறப்பட்டு வந்துருவேன்."

கப்பலின் அடுத்த நடையில் பதிலோடு நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

போர்ட் பிளேரில் ஆபீசில் எல்லாரும் இருக்கும்போது எழுந்து சொன்னேன். மிளகாய் மட்டும்தான், இலை பரப்பித்தான், அதுவும் நான் கேட்டதால்தான் என்றேன். மேலதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, கருவாட்டுப் பரண்லதான காய்ஞ்சுது? நீர் சொன்னது சரிதானே ஓய்!"

"நாத்தம் மட்டும்தான் சார் புடிச்சுது."

"இப்ப அங்க மீன் கொழம்பே வெக்கறாளாமே. அவ கையால இனிமே எவன் சாப்பிடுவான்?"

"அது என்னாலதான் சார்."

"உம்மால மீன் ஆய்ஞ்சாளா? போய் வேலையப் பாரும்."

மற்றவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். ஒருவர், ஊரிலிருந்து மனைவி வந்துவிட்டாள், இனி வீட்டுச் சமையல்தான் என்றார். ஒருவர், "எதுக்கு சார் பழசெல்லாம்" என்று டீ கொடுத்தார். வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த கப்பலில் மறுபடி போனேன். ஏரியல் பேயில் மழை தூறிக்கொண்டிருந்தது. இறங்கும் கூட்டத்துக்கு எதிரே அக்கா நின்றிருந்தார், வெளுத்த புடவையில். காலடியில் ஒரு சாக்கு மூட்டை. ஈயச்செம்பின் வாய் அதற்குள்ளிருந்து துருத்திக்கொண்டிருந்தது. புறப்படத் தயாராக வந்திருக்கிறார்.

சொன்னேன். மேலதிகாரி பேசியதை மட்டும் சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். விடவில்லை, அதையும் சொன்னேன்.

அக்கா ஈயச்செம்பைச் சாக்குக்குள் அமுக்கினார்.

"கேம்ப்ல வேற ஆளப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டேனே" என்றார்.

மூட்டையைத் தூக்கக் குனிந்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டுத் தானே தலையில் ஏற்றிக்கொண்டு, திக்லிபூர் லாரி நின்ற பக்கம் நடந்தார்.