எண்ணெய் பூசிய கிளாம்ப்

அந்தக் கிளாம்ப் சந்தனமும் குங்குமமும் வைத்து விளக்கின் முன்னால் பளபளவென்று இருந்தது. மினுக்கியது நான்தான். இரண்டு இரும்புத் தாடைகள், உள்பக்கம் பற்கள், பார்க்க அவ்வளவுதான். ஆழத் துளையிலிருந்து, ஒன்றோடொன்று மாட்டிய துளைக் கம்பிகளை மேலே இழுத்து ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, மிச்சக் கம்பிகள் உள்ளே விழாமல் கவ்விப் பிடிப்பது அதன் வேலை.

பசறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருந்தது. அது சரிந்து வருமா என்று அடிமண்ணை எடுத்துப் பார்க்க அரசாங்க ஆட்கள் இயந்திரத்தோடு துளை போட வந்தார்கள். ஆபத்து என்று தெரிந்தால் லயத்துக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் வேறு இடத்தில் வீடு. வேலையை நடத்திய போர்மன் என்னைவிடப் பத்து வயது இளையவர், பெரகலைக்காரர். கூலிக்குச் சேர்ந்த என்னை முதல் நாளே அண்ணன் ஆக்கிக்கொண்டார். எங்கள் வீட்டு ரொட்டியைத் தின்றுகொண்டே, "மதினி, இன்னும் பத்து அடிதான். புது வீட்டுல பால் காச்ச என்னைய மறந்துறாதீங்க" என்று என் மனைவியைக் கேலி செய்வார். நாங்களும் வெட்கமில்லாமல் ஆசைப்பட்டோம்.

ஆயுத பூஜைக்கு அவர் ஊருக்குப் போனார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவி எண்ணெய் பூசிப் படைப்பது எங்கள் வழக்கம். எங்களுக்கு வீடு வாங்கித் தரப்போகிற சாமானை மட்டும் விட்டுவிட மனம் வருமா? தேங்காய் எண்ணெயைப் பல்லிடுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். கம்பியைக் கவ்வுகிற பல் காய்ந்து சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர், "மாப்பிள்ள மாதிரி மின்னுதேண்ணே!" என்று சிரித்தபடி, பல்லைத் தொட்டுப் பார்க்காமலே அதை மாட்டினார்.

மூன்றாவது கம்பியைக் கழற்றும்போது வழுக்கியது. அத்தனை கம்பியும் உள்ளே போய் வளைந்து சிக்கிக்கொண்டன. மூன்று நாள் இழுத்தும் வரவில்லை. மழை பெய்து துளையும் இடிந்து மூடிவிட்டது. பொறியாளர் வந்து கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் போர்மன் முந்திக்கொண்டார். "பல்லு தேஞ்சிருக்கு சேர். நான்தான் பாக்கல." பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "லயத்துல தெரிஞ்சா ஒங்கள வாழ விடமாட்டாங்கண்ணே, பேசாம இருங்க" என்றார். நான் பேசாமல்தான் இருந்தேன். கோழை என்று என்னைச் சொல்ல வேறு ஆள் வேண்டாம். அவருக்கு வேலை போயிற்று. அடிமண் நிலை தெரியவில்லை என்று எழுதி இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாவது துளை போட யாரும் வரவில்லை. இப்போதும் மழை வலுத்தால் பாய் தலையணையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறோம். வெயில் வந்ததும் திரும்பி வருகிறோம். வெடிப்பில் இப்போது என் கை முழுதாக நுழைகிறது.

பல வருடம் கழித்து, போன வாரம் பசறை பஸ் ஸ்டாண்டில் போர்மனைப் பார்த்தேன். யாருடைய ஆட்டோவையோ ஓட்டுகிறார், முடி நரைத்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"வேற எடம் குடுத்துட்டாங்களாண்ணே?"

"குடுத்துட்டாங்க தம்பி. நல்ல வீடு."

"அப்பாடா. அது போதும்ணே" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

தூறல் விழ ஆரம்பித்திருந்தது. எந்த பஸ்ஸில் ஏறுகிறேன் என்று அவர் பார்த்துவிடக் கூடாதே என்று, அவர் ஆட்டோ வளைவு திரும்பும்வரை கடையோரம் ஒதுங்கி நின்றேன்.