வணக்கம் கேட்டு ஓடிய தாழைக்கோழி

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் ஐந்தாம் ஆண்டு வகுப்புப் பிள்ளைகளோடு டெங்கில் ஏரிப் பக்கம் பறவை பார்க்கப் போனேன். வகுப்பில் மொத்தமே எட்டுப் பேர்தான். அவசரத்துக்குக் காரணம் ஹரிணி. அவள் அப்பாவுக்கு ஜொகூரில் வேலை கிடைத்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கிளம்புவதாக இருந்தது. பிள்ளைகள் எடுத்த பறவைப் படங்களை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அவள் பெயருக்கு மேலே மட்டும் காலி இடம். அவள் கேமராவைத் தூக்கினால் மிஞ்சுவது வெறும் கிளைதான்.

"போறதுக்குள்ள ஒண்ணாச்சும் ஒட்டணும் டீச்சர்" என்றாள். எப்படி மறுப்பது?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து காலை 6.15க்குப் புறப்பட்டோம். 45 கிலோமீட்டர், 50 நிமிடம். வேனுக்குப் போக வர 240 ரிங்கிட். ஆளுக்கொரு நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், மூன்று ரிங்கிட். பாதி வழியிலேயே காலி. ஓட்டுநர் மணியம் அங்கிளுக்கு வேறு சவாரி இருந்ததால் 9.30க்கு அங்கிருந்து கிளம்பியாக வேண்டும்.

ஏரிக்கரையில் பறவை பார்க்க ஒரு மரக்குடில் இருக்கிறது. 7.20க்கு உள்ளே உட்கார்ந்தோம். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அதிசயமாக யாரும் திறக்கவில்லை. 8.10க்குக் கோரைக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழி ஒன்று வெளியே வந்தது. நீல உடம்பு, சிவப்பு அலகு, ஓர் உடம்புக்குத் தேவையில்லாத அளவுக்கு நீளமான கால்விரல்கள். கேமராவை ஹரிணியிடம் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து, வேனில் விட்டுவந்த தண்ணீர்ப் போத்தல்களோடு மணியம் அங்கிள் உள்ளே நுழைந்தார். எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள்.

"வணக்கம், அங்கிள்!"

ஹரிணியும்தான், கேமராவும் கையுமாக. தாழைக்கோழி ஒரே ஓட்டம்.

யாரைத் திட்டுவது? யார் உள்ளே வந்தாலும் எழுந்து ஒரே குரலில் வணக்கம் சொல்லப் பழக்கியதே நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு. ஹரிணி அழவில்லை, கேமராவின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "தண்ணிதானே கொண்டாந்தேன், சோரி லா டீச்சர்" என்று அங்கிள் முகம் வாடிப் போய்விட்டார். இனி யார் வந்தாலும் உட்கார்ந்தபடி கைகூப்பினால் போதும், சத்தம் கூடாது என்று பிள்ளைகளிடம் மெல்லச் சொன்னேன்.

9.25 வரை கோரைகூட அசையவில்லை. பிறகு அதே இடத்தில் சிவப்பு அலகு தெரிந்தது. கூடவே எங்களைக் கூப்பிட அங்கிளும் வந்துவிட்டார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. ஏழு பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சத்தமில்லாமல் கைகூப்பினார்கள். அவர் செருப்போடு கைகூப்பினார். ஹரிணி மட்டும் திரும்பவே இல்லை. மூன்று முறை 'கிளிக்' கேட்டது.

இரண்டு படம் கை ஆடி மங்கல். மூன்றாவதில் தாழைக்கோழி நேராக அவளைப் பார்த்தது.

பிள்ளைகளோடு போக நினைப்பவர்களுக்கு: ஏழரைக்குள் போய்ச் சேருங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. கொசு மருந்து அவசியம். மங்கலான நிறச் சட்டை போடச் சொல்லுங்கள். வேனுக்கு நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே பேசிக்கொள்ளுங்கள். மௌன வணக்கத்தை வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தப் படத்தை ஒட்டினேன். மணி அடித்து நான் வகுப்புக்குள் நுழைந்தபோது ஏழு பேரும் உட்கார்ந்தபடியே கைகூப்பினார்கள், சத்தமே இல்லாமல். என்ன இது என்று கேட்டேன். ஒருத்தன் சுவரைக் காட்டிக் கிசுகிசுத்தான்: "ஹரிணியோட பறவை ஓடிரும் டீச்சர்."

நானும் சத்தமில்லாமல் கைகூப்பினேன்.