இரண்டு மனுக்களும் என் கையெழுத்தில்

ஆலைப் புகைக்கு எதிராகப் போன மனுவை நான்தான் எழுதினேன். ஆலைக்கு ஆதரவாகப் போன மனுவையும் நான்தான் எழுதினேன். இதைச் சொன்னால் இன்றைக்கும் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அறுபதுகளின் தொடக்கத்தில், நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு சிற்றூரில், நான் தொடக்கப்பள்ளி வாத்தியார். மனு எழுதத் தெரிந்தவன் ஊரில் ஒருவன்தான் என்றால் எல்லா மனுவும் அவன் கையிலிருந்துதான் போகும்.

ஊருக்கு மேற்கில் ஒரு கடலை எண்ணெய் ஆலை இருந்தது. கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்தவரைக்கும் யாருக்கும் தொந்தரவில்லை. அந்த வாசம் எங்களுக்குப் பிடித்தும் இருந்தது. பிறகு முதலாளி சுத்திகரிக்கும் ஷெட் ஒன்றைப் போட்டார். எண்ணெயில் காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, நீராவி பாய்ச்சி, நிறமும் மணமும் இல்லாமல் செய்து, டின்னில் அடைத்துப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். எண்ணெய் பட்டணத்துக்கு, அதிலிருந்து பிரித்தெடுத்த நாற்றம் எங்களுக்கு. பாய்லரில் எரித்தது கடலைத்தோல். தகரச் சிம்னி ஒரு தென்னை உயரம்கூட இல்லை. ஆடி மாதம் மேற்கேயிருந்து மேல்காற்று கிளம்பிவிட்டால், காயப்போட்ட வேட்டியிலும் சோற்றிலும் கரி விழும்.

என் மனைவிக்கு இழுப்பு உண்டு. கல்யாணம் ஆகி நாலு வருஷம். ஆடி பிறந்தால் அவள் படுத்துத் தூங்க மாட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கண்ணை மூடுவாள். அந்த மூச்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருப்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. புகையால்தான் என்று நான் சொல்வேன். நாமக்கல் டாக்டரைக் கேட்டால், புகையாகவும் இருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம், பரம்பரையாகவும் இருக்கலாம் என்றார். இப்படிப் பதில் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சின்ன வயதில், ஆலையே இல்லாத தன் ஊரிலும் இப்படித்தான் இழுத்தது என்று என் மாமியார் சொன்னபோது, எனக்கு எதுவும் புரியாமல் போய்விட்டது.

இதில் இன்னொரு சிக்கல். அவளுடைய தம்பிக்கு அந்த ஆலையில்தான் வேலை, அதுவும் பாய்லரில். அவன் அள்ளிப் போடுகிற தோல்தான் புகையாகி அக்காவைத் தேடி வந்தது.

அந்த வருஷம் ஆலையின் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று பஞ்சாயத்தில் தண்டோரா போட்டார்கள். எங்கள் தெருக்காரர்கள் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். நான் உற்சாகமாக எழுதினேன். சிம்னியை உயர்த்த வேண்டும், மேல்காற்று அடிக்கிற மாதங்களில் சுத்திகரிக்கும் ஷெட்டை நிறுத்தி வைக்க வேண்டும், ஈரத்தோலை எரிக்கக் கூடாது. ‘இவ்வூரில் ஒரு பெண்மணி மூச்சுத்திணறலால் அவதியுறுகிறார்’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். யார் என்று எழுதவில்லை. அந்த மனுவை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினோம். ஒருவரும் மறுக்கவில்லை. ஊரே நம் பக்கம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

நாலாம் நாள் மச்சினன் வந்தான், கூடவே ஆலை மேஸ்திரியும். மேஸ்திரி வாசலிலேயே நின்றுகொண்டார்.

“மாமா, நீங்கதான் எழுதிக் குடுக்கோணும். ஆடியில ஷெட்டை நிறுத்துனா பாய்லர் ஆளுக அத்தனை பேரும் ஊட்டுக்குப் போகோணும்னு மொதலாளி சொல்லிப்போட்டாருங்க” என்றான்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தம்பிக்கு மோர் கரைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. நான் தாளை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் முதல் மனுவைவிட இரண்டாவதை நன்றாக எழுதினேன். குற்ற உணர்ச்சி கையெழுத்தைத் திருத்தும் போலிருக்கிறது. ‘மேற்படி புகையானது வானத்தை நோக்கியே செல்வதால்’ என்றுகூட எழுதினேன். என்ன நினைத்து எழுதினேனோ. அதையும் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். அதற்கும் ஒருவரும் மறுக்கவில்லை.

விசாரணைக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். என் பள்ளிக்கூடத்திலேயே, பிற்பகல் மூன்று மணிக்கு. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் சுவரோரம். என் மனைவியும் வந்திருந்தாள். வரும்படி நான் சொல்லவில்லை.

அதிகாரி இரண்டு மனுக்களையும் மேசையில் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு விவசாயியை எழுப்பினார்.

“பெரியவரே, புகை கெடுதல்னு இதுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. புகையால கெடுதலே இல்லைன்னு இதுலயும் போட்டிருக்கீங்க. எது நிஜம்?”

“ரெண்டும் நான் போட்டதுதானுங்க.”

“அது தெரியுது. ஏன் போட்டீங்க?”

“ஊடு தேடி வந்து கேட்டாங்க. வந்தவங்களை மாட்டேன்னு சொல்லி எப்படிங்க அனுப்பறது?”

ஒருவரும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுதான் அங்கே எல்லாருடைய முகத்திலும் இருந்தது. அதிகாரி அடுத்தவரை எழுப்பினார், அதற்கடுத்தவரை எழுப்பினார். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். மறுப்பு இல்லாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லை.

பேச்சு எங்கெங்கோ போனது. சிம்னியை உயர்த்தச் சொல்லுங்கள் என்றார் ஒருவர். “ஒசத்துனா புகை அடுத்த ஊருக்குப் போகுமுங்க. அங்கதான் எம்புள்ளையக் கட்டிக் குடுத்திருக்கறேன்” என்றார் இன்னொருவர். அடுப்பிலும்தான் கரி வருகிறது, அதற்கும் லைசென்ஸ் போடுவீர்களா என்று மேஸ்திரி கேட்டார். முதலாளி எழுந்து, என் வீடும் இங்கேதான் இருக்கிறது, என் சோற்றிலும் கரி விழுகிறது என்றார். அது பொய்யில்லை. எவ்வளவு புகை வந்தால் அதிகம் என்று அதிகாரியே எங்களைக் கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வது சரி என்றே எனக்குப் பட்டது.

கடைசியில் அதிகாரி பேனாவை மூடினார். “ஒரே ஆளுங்க ரெண்டு மனுவுலயும் இருக்கறதால ரெண்டையும் நான் எடுத்துக்க முடியாது. ஆனா யாராவது ஒருத்தர் எழுந்து, என் வீட்டுல இன்னாருக்கு இந்தப் புகையால உடம்புக்கு ஆகலைன்னு நேர்ல சொன்னா, அதை வெச்சு நிபந்தனை போட்டுத்தான் லைசென்ஸ் கொடுப்பேன். இந்த மனுக்களை எழுதினது யார்?”

நான் எழுந்தேன்.

“மூச்சுத்திணறல்னு எழுதியிருக்கீங்களே வாத்தியார், அது யார்?”

எனக்கு இடது பக்கத்தில் மச்சினன் நின்றிருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை, தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும், ஆடியில் ஷெட் நிற்கும். அவனும் நிற்பான். வயதான தாயும் இரண்டு குழந்தைகளும் அவனை நம்பி இருந்தார்கள். பின்னால் சுவரோரம் அந்த மூச்சு எனக்குக் கேட்டது. அத்தனை பேர் நடுவிலும் அதை மட்டும் என்னால் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. புகையாகவும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பரம்பரையாகவும் இருக்கலாம் என்றும் சொன்னார். நிச்சயமாகத் தெரியாத ஒன்றை வைத்து ஒருவன் பிழைப்பைக் கெடுக்கலாமா? நிச்சயமாகத் தெரியும்வரை அவள் சுவரில் சாய்ந்தே தூங்கட்டும் என்று விடலாமா?

“குறிப்பா யாருமில்லைங்க. பொதுவா எழுதினதுங்க” என்றேன்.

அதிகாரி ஒரே ஒரு வரி எழுதினார். ஆட்சேபம் இல்லை. ஜீப் கிளம்பியது. முதலாளி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தெருக்காரர்கள்கூட என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு நடந்தோம். மேல்காற்று முகத்தில் அடித்தது. வழக்கம்போல அவள் நாலடி பின்னால் வந்தாள். பாதி வழியில் வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் திரும்பி வந்து பக்கத்தில் நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளே பேசினாள், இடையிடையே மூச்சு வாங்கி.

“நீங்க யாருமில்லைன்னு சொன்னப்பத்தானுங்க எனக்கு நிம்மதியாச்சு. தம்பி வேலை போயிருமோன்னு பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“ஆனா, நீங்க ஆமான்னு சொல்லுவீங்கன்னு நெனச்சுத்தானுங்க வந்தேன்” என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. மூச்சு சீராகும்வரை இருவரும் வேலியோரம் நின்றிருந்தோம். விசாரணை முடிந்து வந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எங்களைக் கடந்து போனார்கள். என்ன சாமி, முடியலையா என்று அவளிடம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒன்றுமில்லைங்க என்று எல்லாரிடமும் அவள் சொன்னாள்.