மாரிச்செல்வி வேண்டாம் என்று வேண்டினேன்

சென்ற ஆனி மாதம் நான் அழாத நாளே இல்லை. எனக்கு ஊர் அச்சன்புதூர். சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் ஒரு பெண்கள் ஹாக்கி அணியில் ஃபார்வர்டாக இருக்கிறேன். இருக்கிறேன் என்று பேர்தான். ஒரு ஆட்டத்தில் பத்து நிமிடம் இறக்கிவிடுவார்கள். மீதி நேரம் பெஞ்சுதான். ஆனால் மாரிச்செல்வி முழுக்க ஆடுவாள். புளியங்குடிக்காரி. என் வயதுதான், அவளும் ஃபார்வர்டுதான். அவளுக்குக் கை தட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

குறை என்னிடம்தான். நான் சரள் மண்ணில் ஆடிப் பழகியவள். அங்கே பந்து குதித்துக் குதித்து வரும் என்பதால் மட்டையைக் கொஞ்சம் தூக்கியே பிடிப்போம். இங்கே அணி ஆடுவது டர்ஃப் என்ற செயற்கைப் புல்தரையில், அதுவும் தண்ணீர் தெளித்து. பந்து தரையோடு வழுக்கி வரும். கோல் வாசலில் நிற்பேன், பந்து என் மட்டைக்கு அடியில் போய்விடும். ஒரு வாரம் விடுமுறை விட்ட பயிற்சியாளர், "திரும்பி வந்ததும் ஒரு பயிற்சி ஆட்டம். அதிலும் இப்படித்தான் என்றால் அடுத்த சீசனுக்கு நீ வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

ஊருக்கு வந்த அன்றே பண்பொழி திருமலை ஏறினேன். குமரன் முன்னால் நின்று என்ன கேட்டேன் தெரியுமா? "முருகா, மாரிச்செல்வி அங்க இருக்கக் கூடாது. அவ இடம் எனக்கு வேணும்." வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணீர் விட்டுக் கேட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால், வாசலில் மாரிச்செல்வி! தோளில் மட்டைப் பை.

"குத்தாலத்துக்குக் குளிக்கப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்தேன். கெளம்புட்டி."

"எங்கனட்டி?"

"நான் குடுக்க பந்தையெல்லாம் நீ விட்டுருத. எனக்கும்லா பேரு கெட்டுப் போவுது. இங்கன சிமெண்டுக் களம் இருக்கா?"

குற்றாலத்தில் சீசன் நேரம். சாரல் எங்கள் ஊர் வரைக்கும் தூவியது. நெல் காயப்போடும் களம் ஆளில்லாமல் நனைந்து கிடந்தது. அவள் தட்டிய பந்து டர்ஃபில் வருவது போலவே வழுக்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல என் மட்டைக்கு அடியில் போனது.

"கீழ வைட்டி! தரையத் தொடு!" என்று கத்தினாள்.

எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஐந்து நாள் அதே வேலை. சிமெண்டில் உரசி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. மூன்றாம் நாள் உட்கார்ந்து அழுதேன். வலி என்று நினைத்து அவள் என் கையை ஊதிவிட்டாள். அன்று மாலையே மறுபடி மலையேறி, "அப்பா, அன்னைக்கிக் கேட்டத மறந்துரு" என்று விழுந்து கும்பிட்டேன்.

பயிற்சி ஆட்டம் வந்தது. வலது பக்கத்திலிருந்து மாரிச்செல்வி வேகமாகப் பந்தை அனுப்பினாள். மட்டையைத் தரையோடு வைத்துக் காத்திருந்தேன். கோல்! "இனி கடைசிக் கால் பகுதி, பதினைந்து நிமிடமும் நீ ஆடு" என்றார் பயிற்சியாளர்.

முதல் பதினொரு பேரில் என் பேர் இன்னும் வரவில்லை. பட்டியல் வாசிக்கும்போதெல்லாம் ஏங்கித்தான் நிற்கிறேன். ஆனால் வயிற்றெரிச்சல் போய்விட்டது. மாரிச்செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "முருகனுக்கு ஒன்னயப் பத்தி நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்று சிரித்தாள். இப்போது அவளுக்கும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் மனதில் எது இருந்தாலும் அவனிடம் போய்க் கொட்டுங்கள். கேட்கத் தெரியாமல் கேட்டாலும் அவன் பார்த்துக்கொள்வான். நான் கேட்டதை அப்படியே கொடுத்திருந்தால், அன்று எனக்குப் பந்து கொடுக்க ஆளே இருந்திருக்காது.