அப்பாவின் ஜீப்புக்கு ஹோர்ன்

அப்பா செத்த மறுநாள் காலையில் நான் அவருடைய ஜீப்பின் முன்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் முன்ஹாலில் பெட்டிக்குள் கிடந்தார். பெண்கள் செபமாலை சொல்லும் சத்தம் ரோட்டுவரை கேட்டது.

அடக்கம் பின்னேரம். கொட்டாஞ்சேனையில் அப்பா வாடகை வண்டியாக ஹயர் ஓடிய ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே ஓடிய யாராவது செத்தால், பிரேத வாகனம் ஸ்டாண்டைக் கடக்கும்போது நிற்கிற வான், லொறி எல்லாம் சேர்ந்து ஹோர்ன் அடிக்கும். பிரேத வாகனத்துக்குப் பின்னால் வருகிற செத்தவருடைய சொந்த வாகனம் பதிலுக்கு அடிக்கவேண்டும். அவர் சொல்லிக்கொண்டு போகிறார் என்று அர்த்தம். அப்பாவும் எத்தனையோ பேருக்கு அடித்தவர். ஆனால் அவருடைய ஜீப் பல மாதமாக ஊமை. கடைசிக் காலத்தில் கலியாணக்காரர்கள் படம் எடுக்கத்தான் அந்தப் பழைய ஜீப்பைக் கேட்டு வருவார்கள், படத்தில் சத்தம் விழுமா என்று அவரும் அப்படியே விட்டுவிட்டார். வீட்டுக்கு வரும்போது ஹோர்னுக்குப் பதிலாக அம்மாவுக்கு மிஸ்ட் கோல் கொடுப்பார்.

நான் எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போய்ப் படித்தவன். ஹயருக்கு ஏறுகிறவர்களிடம், அவர்கள் கேட்காமலே, அப்பா “மகன் கம்பஸ்” என்று சொல்லிவிடுவார். அவருக்குச் செய்ய எனக்கு இனி மிஞ்சியிருந்தது இந்த ஹோர்ன் ஒன்றுதான்.

அம்மாவின் தம்பி பக்கத்தில் குந்தியிருந்து சிகரெட் பிடித்தார்.

“கம்பஸில ஹோர்ன் திருத்தவும் படிப்பிச்சவையோ?”

“இல்ல மாமா. ஃபோனில பார்த்தது.”

“அப்ப நானும் பார்த்திருப்பன். வீணா உன்னைப் படிக்க விட்டது.”

சொல்லிவிட்டு அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

ஹோர்னைக் கழற்றிப் பெற்றரிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தேன். அங்கே கொஞ்சம் திருகியதும் நன்றாகக் கத்தியது. அப்போ பிழை வயரில். ஸ்டியரிங் குழாய்க்குள்ளே போகிற வயர் தேய்ந்து அறுந்திருந்தது. புது வயர் இழுத்தேன். செத்தவீட்டு வாசலில் நின்று ஹோர்ன் அடித்துப் பார்க்க முடியாதே, அதனால் ஹோர்னைக் கொழுவாமல் அந்த வயரில் ஒரு சின்ன பல்பைக் கொழுவினேன். பொத்தானை அழுத்தினேன். பல்ப் எரிந்தது. திரும்ப அழுத்தினேன், எரிந்தது. பல்பைக் கழற்றி ஹோர்னைப் பூட்டி முடித்தபோது எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

“ஒருக்கா மெதுவா அடிச்சுப் பார்” என்றார் மாமா.

“ஹோர்னை எப்படி மாமா மெதுவா அடிக்கிறது?”

அம்மா யன்னலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

“அடிக்காத மகன்.”

“இப்ப இல்லம்மா. பின்னேரம், ஸ்டாண்ட் கிட்ட மட்டும்.”

“அங்கயும் வேணாம்.” சத்தமில்லாமல்தான் சொன்னார். “அது ரோட்டு முடக்கில கேட்டா நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில வைப்பன். எத்தனை வருசம். அவரைப் பெட்டியில பார்த்துக்கொண்டிருக்கிறன். இண்டைக்கும் அது கத்தினா, வந்திட்டார் எண்டுதான் எனக்குப் படும். பிறகு நான் என்ன செய்ய?”

மாமா சிகரெட்டை நசுக்கினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பின்னேரம் அம்மா ஜீப்பில் என் பக்கத்தில் இருந்தார். ஸ்டாண்டில் பிரேத வாகனம் நின்றது. எல்லாரும் அடித்தார்கள். காது அடைத்துப்போனது. பிறகு ஒவ்வொருவராக நிறுத்தி எங்களுக்காகக் காத்திருந்தார்கள். என் கை பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. அழுத்தினால் கத்தும் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவின் கூட்டாளி, லொறிக்கார சிங்கள அங்கிள், இறங்கி என் யன்னலுக்கு வந்தார். என்னை எப்போதும் ‘புதே’ என்றுதான் கூப்பிடுவார், மகன் என்று.

“புதே, ஹோர்ன் இன்னும் சரிவரல்லையா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

அம்மா நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லை அங்கிள்” என்றேன். “வேலை செய்யாது.”

அவர் என் தோளைத் தட்டினார். “பரவாயில்லை. அவனுக்காக நான் அடிக்கிறேன்.”

லொறியில் ஏறி நீளமாக அடித்தார். அது எங்கள் ஜீப்பின் சத்தம் போலக் கொஞ்சமும் இல்லை. பிரேத வாகனம் நகர்ந்தது. நானும் பின்னால் எடுத்தேன்.