மனையில் பறித்த நீர்முள்ளி

காலை ஏழு மணிக்கு மறைமலைநகரில் பேருந்து ஏறினோம். என் மனைவி மல்லிகாவின் மடியில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். உள்ளே, முந்தின நாள் சாயங்காலம் எங்கள் மனையில் பறித்த செடி. எங்கள் மனை! கல்யாணமாகிப் பதினாறு வருடமாக வாடகை வீடு. போன மாதம்தான் திருப்போரூர்ப் பக்கத்தில் அரை கிரவுண்டு எங்கள் பெயரில் பதிவானது. அவள் நகையும் என் கம்பெனி சேமிப்பும் அதில்தான் இருக்கின்றன. அங்கே முளைத்த களைகூட எங்கள் கண்ணுக்கு ரோஜாதான்.

செங்கல்பட்டுக்குப் பதிமூன்று கிலோமீட்டர், ஆளுக்குப் பதினைந்து ரூபாய். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் பேருந்தில் ஒன்பது கிலோமீட்டர் போய் இறங்கினால் எதிரிலேயே தாவரத் தோட்டம். நுழைவுச் சீட்டு இருபது ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளில் செடியை அழுத்திக் காயவைத்து அட்டையில் ஒட்டச் சொல்லித் தருகிறார்கள். ‘உங்கள் இடத்துச் செடி ஒன்று கொண்டு வரவும்’ என்பது மட்டும்தான் நிபந்தனை. மல்லிகாவுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. ஊதாப் பூவும் முள்ளுமாக இருந்த அந்தச் செடியை, வீடு கட்டியதும் வாசலில் வேலியாக வைக்கலாமா என்று கேட்க வேண்டுமாம்.

எட்டரைக்கு உள்ளே போனோம். முதலில் வாசனைப் பாத்தி. கண்ணைக் கட்டிவிடுவார்கள், இலையைக் கசக்கி முகர்ந்து பெயர் சொல்ல வேண்டும். எங்கள் சமையலறை ஜன்னலில் இருக்கும் கற்பூரவல்லியை நான் துளசி என்றேன். “ரசத்துல கொத்தமல்லி போட்டாலே தெரியாத ஆளு, இவரைப் போய்க் கேக்கறீங்களே!” என்றாள் மல்லிகா. பள்ளிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அதோடு சரி.

பத்து மணிக்குக் கொட்டகையில் பயிற்சி. தேன்மொழி என்ற பெண் அங்கே தாவரவியல் சொல்லித் தருகிறார். பழைய செய்தித்தாளுக்கு நடுவே செடியை விரித்து, மேலும் கீழும் பலகை வைத்து, பட்டையால் இறுக்கிக் காட்டினார். ஒவ்வொரு செடிக்கும் ஒரு சீட்டு. பெயர், ஊர், வளர்ந்த இடம் மூன்றையும் எழுத வேண்டும்.

“வளர்ந்த இடத்தை நீங்க சொல்லாதீங்க, நான் சொல்றேன்” என்றார் தேன்மொழி. விளையாட்டு களைகட்டிவிட்டது. மாமல்லபுரத்து மீனவக் குப்பத்திலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர் ஒரு கொடியை நீட்டினார். “அடம்பு. கடலோர மணல்.” கைதட்டல். ஒரு சிறுமி எருக்கைக் காட்டினாள். “ரோட்டோரம், இல்லன்னா தரிசு.” அதுவும் சரி. நான் முண்டியடித்துக்கொண்டு எங்கள் பொட்டலத்தைப் பிரித்தேன்.

தேன்மொழி தண்டைத் திருப்பி, கணுவைச் சுற்றி இருந்த முட்களை எண்ணிக் காட்டினார். “நீர்முள்ளி. தண்ணி நின்னு வத்தின இடம். ஏரிக்குள்ள இறங்கிப் பறிச்சிருக்கீங்க, சரியா?”

எல்லோரும் கைதட்டினார்கள். பழக்க தோஷத்தில் நானும் தட்டினேன்!

“தப்பு மேடம், அது எங்க மனை” என்றாள் மல்லிகா.

தேன்மொழியின் முகம் மாறியது. “அங்க வேற என்ன முளைச்சிருக்கு?”

“தரையோட ஒரு கீரை படர்ந்திருக்கு. நாலு நாலு இலையா.”

“ஆரைக்கீரை. அதுவும் தண்ணிச் செடிதான்” என்றார் மெதுவாக. “வாய்க்கால் ஓரத்துலயும் இதெல்லாம் வரும். செடியை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. எதுக்கும் அந்த ஊர்ல விசாரிச்சுப் பாருங்க.” எங்கள் சீட்டில் வளர்ந்த இடத்தை அவர் நிரப்பவில்லை.

செடியை அங்கேயே விட்டுவிட்டு, பதினொன்றரைக்குத் திருக்கழுக்குன்றம் போய் மனைக்கு ஆட்டோ பிடித்தோம், நானூறு ரூபாய். ஓட்டுநர் திருப்போரூர்க்காரர். இடத்தைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்த, அங்க போயி இன்னா பண்ணப் போற? அது ஏரியாச்சே!”

“பத்திரம், பட்டா எல்லாம் இருக்குப்பா” என்றேன்.

“பட்டா கீதுன்னா தண்ணி வராம பூடுமா? கார்த்திகைல வந்து பாரு, முட்டி ஆழத்துக்கு நின்னுகினு இருக்கும். என் மச்சான் அங்கதான் வலை போட்டு கெளுத்தி புடிப்பான். வாங்கிட்டியா இன்னா?”

“போன மாசம்தான்” என்றேன். அவர் “அடப் பாவமே” என்று முனகிவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

பன்னிரண்டரைக்கு மனையில் இறங்கினோம். மனை விற்றவர்கள் கட்டிய வண்ணக் கொடிகள், சுண்ணாம்பு அடித்த எல்லைக் கற்கள், புதிதாகக் கொட்டிய செம்மண். எல்லாம் நேற்றுப் பார்த்தபடியே இருந்தன. ஆனால் தூரத்தில் வளைந்து போகும் அந்தப் பனைமர மேடு? அதைப் பழைய ரோடு என்று நினைத்திருந்தேன். கடவுளே, அது ஏரிக்கரை! அதன் மேல் நின்றுதான் மனையைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தேன். எல்லைக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். “என் தாலிச் செயினுங்க” என்று மட்டும் சொன்னாள் மல்லிகா.

அப்போது மனை விற்பவர்களின் வேன் ஒன்று வந்து நின்றது. ஒரு இளம் தம்பதி இறங்கினார்கள். அந்தப் பையன் நேராக என்னிடம் வந்தான். “சார், நீங்க இங்க வாங்கியிருக்கீங்களா? இடம் எப்படி சார்?”

“அருமையான இடம். தைரியமா வாங்கலாம்” என்றேன்.

சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. இவர்கள் வாங்கினால்தான் நாளைக்கு என்னுடையதும் விலைபோகும் என்று எனக்குள் எவனோ கணக்குப் போட்டிருக்கிறான். என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டதும், காலையிலிருந்து பட்ட அதிர்ச்சியெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

மல்லிகா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவர் பொய் சொல்றாரும்மா. இது ஏரி. நாங்க ஏமாந்துட்டோம், நீங்க வாங்காதீங்க.”

“அப்படியா சார்?” என்றான் பையன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேனில் வந்த விற்பனையாள் என்னை முறைத்தான். தம்பதி திரும்பிப் போய் வேனில் ஏறிக்கொண்டார்கள்.

இரண்டு மணிக்குத் திருப்போரூரில் செங்கல்பட்டு பேருந்து கிடைத்தது. பக்கத்தில் இடம் இருந்தும் மல்லிகா என்னோடு உட்காரவில்லை. முன்னால் பெண்கள் இருக்கைக்குப் போய்விட்டாள். மனை விற்றவன் மேல் புகார் கொடுக்கலாம், கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் ‘தைரியமா வாங்கலாம்’ என்று சொன்னது நான். அதை எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது?