சொந்த விருப்பம்

"நாளைக்கு மூணு மணிக்கு அந்தாளு ரூமுக்குப் போறேன். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன்" என்றான் கணவன். பெட்டியிலிருந்து ஈரச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் வாங்கி பால்கனிக் கொடியில் போட்டு கிளிப் மாட்டினாள்.

"எந்த ஆளு?" தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"உங்க மேனேஜர்தான். வேற எவன் என்னைப் பன்னெண்டு வருஷமா செகண்ட் ஷிஃப்டுல போட்டு வறுத்தெடுக்கிறான்?"

"நாளைக்கு வேணாங்க. நான் பேசிப் பார்க்கிறேன்."

"நீ பேசிக் கிழிச்சதுதான் தெரியுமே. உன் வாயெல்லாம் வீட்டோட சரி."

அவள் காலுறைக்கு ஜோடி தேடுவதுபோலப் பெட்டிக்குள் குனிந்தாள். ரயிலிலிருந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வீடு பூட்டியிருந்த வாசனை இன்னும் போகவில்லை.

அவன் பஸ் டிரைவர். அவள் அதே டெப்போவில் இரண்டாவது மாடியில் ட்யூட்டி சார்ட் எழுதுகிறவள். யார் எந்த வண்டியில், எந்த ஷிஃப்டில் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய சார்ட் போட வேண்டும். சீனியாரிட்டிப் பட்டியலை வைத்துக்கொண்டு அவள் எழுதுவாள். மேனேஜர் கையெழுத்துப் போடுவார். மேனேஜர் எழுதுகிறார், அவள் நகல் எடுக்கிறாள் என்று அவள் கணவன் நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி நினைக்க விட்டிருந்தாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த மேஜைக்கு வந்தபோது எழுதிய முதல் சார்ட்டில், முறைப்படி அவனுக்குக் காலை ஷிஃப்ட் வந்தது. பென்சிலில் எழுதியும் விட்டாள். அன்று கேன்டீனில் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "இனி அவனுக்கென்னப்பா, பொண்டாட்டி கையால ட்யூட்டி" என்றது. சிரித்தார்கள். திரும்பிப் பார்க்காமல் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய் அவன் பெயரை அழித்தாள். முறை வந்தவரைத் தாண்டினால் குறிப்புப் பத்தியில் காரணம் எழுத வேண்டும். 'சொந்த விருப்பம்' என்று எழுதினாள். அதற்குப் பிறகு அவன் முறை ஏழு தடவை வந்தது. ஏழு தடவையும் அதையே எழுதினாள்.

அவன் மதியம் ஒன்றரைக்கு வண்டி எடுத்து, இரவு பதினொன்றுக்கு மேல் வீடு திரும்புவான். அவனுக்கு வாரவிடுமுறை புதன், அவளுக்கு ஞாயிறு. மகளின் பள்ளிக்கூட வருடங்கள் முழுக்க இப்படியே போயின. போன வருடம் மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள்.

இந்தப் பயணம்கூட, எடுக்காத லீவு காலாவதியாகிவிடும் என்பதால்தான். நான்கு நாள், ஒரு பெரிய நகரம். இறங்கியபோது பிடித்த மழை திரும்ப ரயில் ஏறும்வரை விடவில்லை. படகுச் சவாரியை ரத்து செய்துவிட்டார்கள். ஒரு செருப்புக்கடை வாசலில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். கடைக்காரர் பார்த்த பார்வையில் அவன் ஒரு ஜோடி வாங்க வேண்டியதாயிற்று. அந்த ஊர் பஸ்ஸில் உட்கார்ந்தபோது ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன் வலது கால் தரையை அழுத்திற்று. மற்ற நேரமெல்லாம் அறைதான். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தின் சுவர்.

முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டான்: "இந்நேரத்துக்கு நீ தினமும் என்ன பண்ணுவ?"

"உங்களுக்கு எடுத்து மூடி வச்சுட்டு டிவி பார்ப்பேன்."

"நல்லா இருக்குமா?"

"சில நாள்."

மறுநாள், "பாப்பா எட்டாவது படிக்கிறப்ப எப்படிப் பேசுவா? எனக்கு ஞாபகமே இல்லை. தூங்கறதைத்தான் பார்த்திருக்கேன்" என்றான். பிறகு மேனேஜரைத் திட்டினான். அவர் ரிட்டயர் ஆகிற அன்றைக்கு டெப்போவுக்கே தன் செலவில் டீ என்றான். அப்போதே சொல்லியிருக்கலாம். மழை நான்கு நாளும் பெய்தது. நேரமில்லை என்று சொல்ல முடியாது.

ஊர் திரும்பிய மறுநாள், திங்கட்கிழமை, அவனுக்கு இன்னும் ஒரு நாள் லீவு இருந்தது. அவள் மட்டும் வேலைக்குப் போனாள். நான்கு மணிக்குள் புதிய சார்ட் பலகையில் ஒட்டியாக வேண்டும். மேனேஜர் தலைமை அலுவலகத்தில் மீட்டிங். மூன்று மணிக்குத்தான் வருவார்.

மாடிப்படியில் 'ரேடியோ' நின்றிருந்தான். டெப்போவில் எந்தச் செய்தியும் முதலில் அவன் வாயில்தான் வரும். கண்டக்டர்.

"வாங்க மேடம். ஹனிமூன் எப்படி?"

"மழை."

"அதுக்குத்தானே போறது!"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஒரு படி ஏறிய பிறகு.

காலையில் பென்சிலை மூன்று தடவை சீவினாள். ஒரே டிரைவரை இரண்டு வண்டிகளில் எழுதிவிட்டாள். இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், வந்து உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தோமா என்று யோசித்தாள். பதினொன்றரைக்கு, காலை ஷிஃப்ட், மூன்றாவது வரியில் கணவன் பெயரை எழுதினாள். முறைப்படி அவனுக்கு உரிய இடம்தான். குறிப்புப் பத்தியைக் காலியாக விட்டாள். உடனே போன் செய்தாள்.

"உங்களுக்கு இந்தத் தடவை மார்னிங் வந்திருக்கு. அதனால நீங்க இங்க வர வேணாம்."

"நிஜமாவா? மனுஷனுக்கு இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?"

"அதான் கிடைச்சிருச்சே. வீட்டிலேயே இருங்க."

"கிடைச்சிட்டதாலதான் வரணும். இனி பயமென்ன? இத்தனை வருஷம் ஏன் சார் போடலன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன். கேக்கலன்னா எனக்குச் சோறு இறங்காது."

"ஏங்க—"

"சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டேன்" என்று வைத்துவிட்டான்.

இரண்டே முக்காலுக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நிறுத்திவைத்த வண்டிகளுக்கு இடையே காக்கி இல்லாமல் வந்துகொண்டிருந்தான், விருந்தாளி போல. அவள் படிகளில் இறங்கினாள். கடைசி நான்கு படிகளில் ஓடினாள்.

வண்டி கழுவும் இடத்தில் அவனை மறித்தாள். குழாய்த் தண்ணீரின் சத்தத்தில் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"மேல போகாதீங்க. அவரு இல்ல."

"மூணு மணிக்கு வருவார்ன்னியே."

"அதில்லீங்க. உங்களைப் போட்டது அவரு இல்ல. நான்தான்."

"என்னத்தப் போட்ட?"

"செகண்ட் ஷிஃப்ட். சார்ட் எழுதறது நான்தான். அவரு கையெழுத்து மட்டும்தான்."

வண்டி கழுவுகிறவர் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குழாயை வேறு பக்கம் திருப்பினார்.

"எல்லாத் தடவையுமா?"

"எட்டு தடவை உங்க முறை வந்துச்சு. முதல் தடவை கேன்டீன்ல ஒருத்தன் பேசினான், பொண்டாட்டி கையால ட்யூட்டின்னு. அன்னிக்கு அழிச்சேன்."

"சரி. அது ஒண்ணு. மிச்சம்?"

"மிச்சம்…" என்றாள். "பழகிப்போச்சு."

"காரணம் எழுதணுமே. என்ன எழுதின?"

அவளுக்கு இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "உங்க சொந்த விருப்பம்னு."

அவன் சிரித்தது போலிருந்தது. சிரிக்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

"அந்த மனுஷனை என்னென்ன சொல்லியிருக்கேன் தெரியுமா உனக்கு? உன்கிட்டயே சொல்லியிருக்கேன். நீயும் உம் கொட்டுவ."

"ஆமா."

"அவரு எதிர்ல வந்தா மூஞ்சியத் திருப்பிக்குவேன். பன்னெண்டு வருஷமா ஒரு வணக்கம் வச்சதில்ல."

"தெரியும்."

"என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல? நாலு பேர் பேசினா பேசட்டும், ராத்திரி வீட்டுல இருன்னு நீ சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? இல்ல, எவனும் பேசக்கூடாது, நீங்க செகண்ட் ஷிஃப்ட்டே பாருங்கன்னாலும் பார்த்திருப்பேன்."

மேனேஜரின் ஜீப் வாசலில் திரும்பிற்று. அவர் இறங்கி மாடியேறுவதை இருவரும் பார்த்தார்கள். அவன் படியை நோக்கி நடந்தான்.

"எங்க போறீங்க?"

"வந்தது வந்தாச்சு."

அவள் பின்னாலேயே ஏறினாள். அவன் மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அவள் தன் மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்து மூடினாள். அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் மேஜை போகும். மேஜை போனாலும் பரவாயில்லை என்று நினைத்துப் பார்த்தாள். அப்படித் தோன்றவில்லை. இரண்டு நிமிடம்கூட இருக்காது, கதவு திறந்தது. அவன் அவள் பக்கம் பார்க்காமல் இறங்கிப் போனான்.

மேனேஜர் தலையை நீட்டினார். "என்னம்மா உங்க வீட்டுக்காரர்? வந்தார், ஒரு வணக்கம் வச்சார், தப்பா நினைச்சுக்காதீங்க சார்ன்னார், போயிட்டார். நான் என்ன நினைச்சேன்?"

"தெரியல சார்."

சார்ட்டை எடுத்துப் போனாள். அவர் விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே வந்து மூன்றாவது வரியில் நிறுத்தினார். "ஓ, ராத்திரி வண்டி அலுத்துப்போச்சா அவருக்கு?"

"சீனியாரிட்டிப்படி அவர் முறை சார்."

கையெழுத்துப் போட்டார். அவள் பென்சில் எழுத்தின் மேல் மையால் எழுதி, மூன்று ஐம்பதுக்குப் பலகையில் ஒட்டினாள்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனபோது அவன் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் அந்த நகரத்து மழையைப் பற்றியே பேசினான். போனை அவளிடம் கொடுக்கவில்லை.

மறுநாள் அவன் மூன்றரைக்கு எழுந்தான். அவளும் எழுந்து டீ போட்டாள். நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனான். நான்கு ஐம்பது வண்டி சரியான நேரத்துக்கு வெளியே போனதாகப் பதிவேட்டில் இருந்தது. டெப்போவில் பலகையைப் பார்த்துச் சிலர் ஏதோ பேசினார்கள். அவள் லீவுக் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினாள். மதியம் இரண்டு பேர் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளக் கேட்டு வந்தார்கள். எழுதித் தரச் சொன்னாள். ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குப் போனாள். அவன் இருந்தான். கொடியிலிருந்த துணிகளை எடுத்து மடித்து வைத்திருந்தான். சமைத்தாள். ஏழு மணிக்கு இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றான். எட்டு மணிக்கு அவன் படுத்துவிட்டான். அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பத்து மணி வரை பார்த்தாள்.